பெட்டக அறையிலிருந்து பட்டியல் வரை

1991 மார்ச் மாதம். பெர்லின் நகரின் லைப்சிகர் தெருவில் ஒரு பொட்டல். வெர்ட்ஹைம் என்ற பெரிய பல்பொருள் அங்காடி ஒரு காலத்தில் அங்கே இருந்தது. போரில் சிதைந்து, பிறகு இடிக்கப்பட்டு, தரைக்கு மேலே பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. தரைக்குக் கீழே அதன் நிலவறை தப்பிக் கிடந்தது: இரும்புக் கம்பிக் கதவுகள், சுவரோடு சுவராகத் துருவேறிய காப்புப் பெட்டகங்கள். திமித்ரி ஹேகமன் என்பவரும் அவருடைய நண்பர்களும் அதற்குள் ஒலிபெருக்கிகளை இறக்கினார்கள். அந்த நடனக் கிளப்புக்கு ‘ட்ரெஸோர்’ என்று பெயர் வைத்தார்கள். பெட்டகம் என்று பொருள். பெர்லின் சுவர் விழுந்து ஒன்றரை ஆண்டு கூட ஆகவில்லை. கிழக்கில் வளர்ந்தவர்களும் மேற்கில் வளர்ந்தவர்களும் அந்தப் புகைமூட்டத்தில், யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விடியும்வரை ஆடினார்கள்.

2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ என்ற மின்னணு நடன இசைப் பண்பாடு, ஜெர்மனியின் யுனெஸ்கோ ஆணையம் பேணும் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 33 ஆண்டுகளில் நிலவறையிலிருந்து அரசுப் பட்டியலுக்கு ஏறியாயிற்று. அப்படியானால் ரேவ் என்ற விடியவிடிய ஆடும் நடனக் கூட்டம் வெகுஜனப் பண்பாடு ஆகிவிட்டதா? இசை ஆகிவிட்டது. ரேவ் ஆகவில்லை என்பதே என் கருத்து.

நம் நாளிதழ்களில் ‘ரேவ் பார்ட்டி’ என்ற சொல் பெரும்பாலும் காவல்துறை சோதனைச் செய்தியோடுதான் வரும். போதைப்பொருள் அந்த உலகத்தில் இருந்தது, இருக்கிறது. அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. மறைப்பதற்கில்லை. ஆனால் அதை மட்டுமே பார்த்தால், ஒரு நகரம் ஏன் அந்த இரவுகளைத் தன் மரபு என்று சொல்லிக்கொள்கிறது என்பது புரியாமலே போய்விடும்.

பெர்லினுக்கு வாய்த்தது இடம். மேற்கு பெர்லினில் 1949-லேயே மதுக்கூடங்கள் மூடும் நேரக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. இரவு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளலாம். சுவர் விழுந்ததும் கிழக்குப் பகுதியில் ஆலைகள், கிடங்குகள், மின்நிலையங்கள் எல்லாம் உரிமையாளர் யாரென்றே தெளிவில்லாமல் காலியாகக் கிடந்தன. சொற்ப வாடகைக்கு, தற்காலிக ஒப்பந்தத்தில், சில இடங்களில் ஒப்பந்தமே இல்லாமல் இளைஞர்கள் உள்ளே நுழைந்தார்கள். இசையோ அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹவுஸ் இசை, சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸைச் சுற்றித் திரண்ட கறுப்பின, லத்தீனோ தற்பாலீர்ப்பாளர்களின் ஆட்டத்தில் விளைந்தது. டெக்னோவை உருவாக்கியவர்கள், டெட்ராய்ட் அருகே பெல்வில் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள். ட்ரெஸோர் தன் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தட்டே டெட்ராய்ட் கலைஞர்களுடையதுதான். பெர்லின் அந்தக் கடனை உரக்கச் சொல்ல வேண்டும். பட்டியலில் நகரத்தின் பெயர் ஏறும்போது அந்த மூவரின் பெயரும் கூடவே நினைக்கப்பட வேண்டும்.

வெகுஜனமாவதற்கு என்ன விலை என்பதை லவ் பரேட் என்ற வீதி நடன விழாவின் கதை சொல்கிறது. 1989 ஜூலையில், சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தபோது, டாக்டர் மோட்டே என்ற டி.ஜே. சுமார் 150 பேரோடு மேற்கு பெர்லின் வீதியில் ஆடிக்கொண்டே போனார். அரசியல் ஊர்வலம் என்று பதிவு செய்துதான் அனுமதி வாங்கினார். பத்தே ஆண்டுகளில் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஊர்வலம் என்பதால் குப்பை அள்ளும் செலவு நகரத்தின் தலையில். 2001-இல் அரசமைப்பு நீதிமன்றம், இது ஊர்வலம் அல்ல, கேளிக்கை நிகழ்ச்சி என்றது. செலவு ஏற்பாட்டாளர்களின் தலைக்கு மாறியது. ஸ்பான்சர் கிடைக்காமல் 2004, 2005 இரண்டு ஆண்டும் நின்றுபோனது. 2006-இல் ஓர் உடற்பயிற்சிக்கூட நிறுவனத்தின் பணத்தில் மீண்டும் நடந்தது, மோட்டே விலகிக்கொண்டார். பிறகு பெர்லினை விட்டே போய், ஊர் ஊராக மாறி, 2010 ஜூலை 24 அன்று டூயிஸ்பர்க் வந்து சேர்ந்தது. வேலி அடைத்த திடலுக்குள் போகவும் வெளியே வரவும் ஒரே சுரங்க வழி. நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். வழக்கு 2020-இல் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. திறந்த வீதியில் தொடங்கிய ஒன்றை வேலிக்குள் அடைத்தவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

இங்கிலாந்தில் வேறு கதை. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளம் என்று இசைக்கே சட்டத்தில் இலக்கணம் எழுதி, 1994-இல் ரேவ் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு இசைப் பொறுப்பை ஏற்றது அதே ரேவ் காலத்தில் எழுந்த ‘அண்டர்வேர்ல்ட்’ குழு.

ஒலி வென்றதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. கால்வின் ஹாரிஸ் என்ற டி.ஜே.யின் 2014 வருமானத்தை ஃபோர்ப்ஸ் 6.6 கோடி டாலர் என்று கணக்கிட்டது. கோவாவில் 2007-இல் சன்பர்ன் விழா தொடங்கியது. நம் ஊர்க் கல்யாண வரவேற்பிலும் இன்று டி.ஜே. உண்டு. ஆனால் மாபெரும் விழாவில் நடப்பது கச்சேரி. ஒருவர் மேடையில் நிற்பார், ஆயிரக்கணக்கானோர் அவரை நோக்கிக் கைப்பேசியை உயர்த்துவார்கள். ட்ரெஸோரில் மேடையைப் பார்த்து யாரும் நிற்கவில்லை. பழைய மின்நிலையத்தில் இயங்கும் ‘பெர்க்ஹைன்’ கிளப்பில் இன்றும் வாசலிலேயே கைப்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கப்படாமல் இருக்கும் சுதந்திரத்தைக் காக்க அவர்கள் கண்ட வழி அது. ஊரில் தன் பாலீர்ப்பை வெளியே சொல்ல முடியாத ஒருவருக்கு, அந்தச் சிறு ஸ்டிக்கர் எவ்வளவு பெரிய காப்பு!

ஜெர்மனியின் அரசும் நீதிமன்றங்களும் இந்தப் பண்பாட்டை மெல்ல மெல்லப் புரிந்துகொண்டன. பெர்க்ஹைனின் நுழைவுக் கட்டணத்துக்கு 19 சதவீதம் அல்ல, இசைக் கச்சேரிக்குரிய 7 சதவீத வரியே பொருந்தும் என்று 2016-இல் தீர்ப்பு வந்தது. சூதாட்டக் கூடங்களோடு ஒரே வகையில் வைத்திருந்த கிளப்புகளைப் பண்பாட்டு இடங்களாக நடத்த வேண்டும் என்று 2021-இல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது.

எல்லாம் நல்லவையே. ஆனால் பட்டியலில் சேர்ப்பது வாடகையைக் குறைக்காது. காலியிடம் நிறைந்திருந்த நகரத்தில் இன்று நிலம் பொன்விலை. முதல் ட்ரெஸோர் 2005-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கிளப் வேறோர் இடத்தில் தொடர்கிறது. ஸ்ப்ரே ஆற்றங்கரையில் 2002-இல் திறந்த ‘வாட்டர்கேட்’, வாடகையும் செலவும் ஏறிவிட்டன, வெளியூர்க் கூட்டமும் முன்போல் வருவதில்லை என்று அறிவித்தது. பெர்லின் டெக்னோ மரபுப் பட்டியலில் சேர்ந்த அதே 2024-இன் கடைசி இரவோடு அது மூடப்பட்டது.