எபிசோட்: கொழுக்கட்டைப் புல் – இங்கே சொத்து, அங்கே வில்லன்

இன்னைக்கு எபிசோட் ஒரு புல்லைப் பத்தி. ஸ்கிப் பண்ணிடாதீங்க.

காங்கேயம், தாராபுரம் பக்கம் பஸ்ல போனா, முள்வேலி அடைச்ச காடுகள் தெரியும். உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கீழே காய்ஞ்ச புல். சும்மா கிடக்கிற நிலம்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன். அதுக்குப் பேர் கொறங்காடு. தலைமுறை தலைமுறையாப் பராமரிச்ச மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடு வளர்ந்தது இதுலதான்.

அங்க முக்கியமான புல் கொழுக்கட்டைப் புல். சென்க்ரஸ் இனம். மழை குறைவான ஊர். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். மீதி மாசம் எப்படித் தாங்குது? இது பல்லாண்டுப் புல். மேல காய்ஞ்சாலும் தூரும் ஆழமான வேரும் உயிரோட இருக்கும். ஒரு மழை பெஞ்சா போதும், திரும்பத் துளிர்க்கும். விதையைச் சுத்தி மெல்லிய முடி இருக்கு. காத்துல பறக்கும், ஆட்டு மேல ஒட்டிக்கும். பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையே இல்லாம விதை உண்டாகும். அதாவது தாய்ச்செடியோட காப்பி-பேஸ்ட்.

ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, ராஜஸ்தான் வழியா நம்ம ஊர் வரை இது இயற்கையாவே இருக்கு. ஆனா மாட்டுத் தீவனத்துக்காக அமெரிக்காவுக்கும் கொண்டு போனாங்க. அரிசோனாவோட சோனோரன் பாலைவனத்துல கள்ளிச் செடிகளுக்கு நடுவுல நிறைய வெட்டவெளி இருக்கும். அதனால தீ பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிடுச்சு. தீப்பிடிச்சா, பல பத்தாண்டு வளர்ந்த சவாரோ கள்ளியும் கருகிடும். அங்க தன்னார்வலர்கள் இதைக் கையால தோண்டி எடுக்குறாங்க.

அதே புல்லு, அதே குணம். இங்க ஏன் பிரச்சினை இல்ல? கொறங்காட்டுல வேலி போட்டு, மாடும் ஆடும் மாத்தி மாத்தி மேயவிடுறாங்க. மேஞ்சுட்டா எரியிற அளவுக்குக் காய்ஞ்ச புல் சேராது. ஒரு காடு மேயும்போது இன்னொண்ணு துளிர்க்கும்.

இப்போ அந்தக் காடுகள் மனையா மாறுது. ஒரு தடவை புல்டோசர் ஓட்டிட்டா தூரே போயிடும். மழை பெஞ்சாலும் துளிர்க்க ஒண்ணும் இருக்காது. மாட்டை எங்க கட்டுறதுன்னு விவசாயி தீவனம் விலைக்கு வாங்கணும், இல்ல மாட்டையே விக்கணும்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போறப்போ, 'தரிசு நிலம்'னு சொல்றதுக்கு முன்னாடி, சுத்தி கிளுவை வேலி இருக்கான்னு ஒரு நிமிஷம் பாருங்க. இருந்தா, அது யாரோ பார்த்துப் பார்த்து வெச்ச புல்லு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.