உங்களுக்குத் தெரியுமா? ஜூஸ் தொட்டிக்குள் கொதிக்கும் திரவம்

கடை மேசையில் பழச்சாறு ததும்பும் அந்தத் தெளிவான தொட்டிக்குள் ஐஸ் கட்டி எதுவும் இல்லை. நடுவே எழும்பி நிற்கும் எஃகு உருளைதான் குளிரைத் தருகிறது. அதற்குள் குளிர்பதனத் திரவம் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை ஜூஸிடமிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது! அடியிலுள்ள கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே மின்விசிறி வெப்பத்தை வெளியே தள்ள, ஆவி மறுபடி திரவமாகி, நுண்குழாய் வழியே உருளைக்குத் திரும்புகிறது.

தொட்டிக்குள் ஓயாமல் சுழலும் துடுப்பு அழகுக்காக வைத்ததல்ல. அது நின்றால் உருளையை ஒட்டிய ஜூஸ் உறைந்துவிடும், ஓரத்து ஜூஸோ சரியாகக் குளிராது.

புதிய இயந்திரங்கள் பலவற்றில் குளிர்பதனத் திரவமாக ஓடுவது ஆர்-290, அதாவது புரொப்பேன். நம் சமையல் சிலிண்டரிலும் இருக்கும் வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் −42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எரியக்கூடியது என்பதால் சிறிய இயந்திரங்களில் 150 கிராமுக்கு மிகாமல்தான் நிரப்புவார்கள். முன்பு பரவலாக இருந்த ஆர்-134ஏ, புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதிலிருந்து புரொப்பேனுக்கு மாறுவது உண்மையிலேயே வரவேற்கத்தக்கது.

கடைக்காரர்கள் கவனிக்க: இயந்திரத்தின் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டி அடைக்காதீர்கள். வெப்பம் வெளியேறாவிட்டால் ஜூஸ் குளிராது, கம்ப்ரஸரும் சீக்கிரம் பழுதாகும்.