ஜீப்பின் மூளை பழுதென்று சொன்னால்

களனிப் பாலத்தைத் தாண்டிப் பேலியகொடை, களனி, கிரிபத்கொடை என்று கண்டி வீதி வழியே போனால் வாகனம் திருத்தும் இடங்களுக்குக் குறைவில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வரும் வாகனங்கள் இடையில் மக்கர் பண்ணினால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். அப்படி நிற்கும் ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரியாக ஒரு பெண் நின்றால், அவள் மறுத்துப் பேச முடியாத ஒரு வசனம் உண்டு: "கொம்பியூட்டர் பெட்டி போயிட்டுது, மாத்த வேணும்." ரயர் என்ன விலை, பற்றரி என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அது உண்மையிலேயே பழுதா என்பது தெரியாது. சொன்ன தொகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

கணவரை இழந்த பின் அவர் விட்டுப்போன ஜீப்பையோ வானையோ நிறுவனங்களுக்கு வாடகைக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். வாகனம் கராஜில் நிற்கும் நாட்களில் வாடகை வராது. ஆனால் லீசிங் கட்டுப்பணத்துக்குத் தவணை சொல்ல முடியாது. இரண்டு தவணை தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்பது நாம் அறிந்த கதைதானே. அதனால்தான் ஒரு பெண்கள் சஞ்சிகையில் இயந்திரப் பெட்டியொன்றைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் நினைவிருக்கும். எரிபொருள் தடைக் காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகையும் மணமும் தெரு முழுக்க நிற்கும். ஆனால் வண்டி ஓடும். அந்தக் கார்களில் எரிபொருளையும் காற்றையும் கலந்தது காபரேற்றர் என்கிற வெறும் உலோகச் சாதனம். எதை ஊற்றினாலும் கேள்வி கேட்காது. இன்றைய ஜீப்புகளில் அந்த வேலையைச் செய்வது ஓர் இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஈ.சி.எம். என்றும் ஈ.சி.யு. என்றும் சொல்வார்கள். கராஜ்காரர் "மூளை" என்பதும் இதைத்தான்.

பெரும்பாலும் ஒரு பாடப்புத்தகத்தின் அளவேயுள்ள அலுமினியப் பெட்டி அது. யப்பானிய ஜீப்புகள் பலவற்றில் முன் ஆசனத்துக்கு எதிரே, பொருள் வைக்கும் தட்டுக்குப் பின்னாலோ கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரிலோ பொருத்தியிருப்பார்கள். இயந்திரத்தின் சூடு, உள்ளே போகும் காற்றின் அளவு, அச்சு எந்த நிலையில் சுழல்கிறது என்பவற்றையெல்லாம் சென்சர்கள் இதற்கு அறிவிக்கும். எந்த நொடியில் எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். அறிவித்தலில் பிழை கண்டால் முன்பலகையில் இயந்திர வடிவ மஞ்சள் விளக்கை எரிய வைத்து, அந்தப் பிழைக்குரிய இலக்கத்தையும் தனக்குள் பதிந்து வைக்கும்.

இந்தப் பெட்டி இலகுவில் பழுதாவதில்லை. அதைச் சுற்றியிருப்பவைதான் அடிக்கடி பழுதாகின்றன. பற்றரி தளர்ந்தாலும், எர்த் வயர் துருப்பிடித்தாலும், ஒரு பியூஸ் எரிந்தாலும், முதன்மை றிலே ஒட்டிக்கொண்டாலும் வண்டி 'மூளை கெட்டது' போலவே நடந்துகொள்ளும். நன்றாகச் சார்ஜ் ஆன பற்றரி, இயந்திரம் நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். இயந்திரம் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். சிறிய மீற்றர் ஒன்றிருந்தால் இதை நீங்களே பார்க்கலாம்.

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால், ஸ்கேனரைச் செருகியும் பெட்டி பதில் சொல்லவில்லையென்றால், அப்போதுதான் சந்தேகம் பெட்டி மேல் திரும்ப வேண்டும். அப்போதும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் வந்து சேருகிறதா என்பது. மற்றொன்றும் உண்டு. சென்சர்களுக்கு இந்தப் பெட்டி 5 வோல்ற் மின்சாரம் கொடுக்கிறது. ஒரேயொரு சென்சர் உள்ளுக்குள் சோர்ட் ஆனாலும் அந்த 5 வோல்ற் முழுவதும் விழுந்து பெட்டி செத்ததுபோலக் கிடக்கலாம். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், ஏதோவொன்றைக் கழற்றியதும் பெட்டி உயிர்பெறும். சில ஆயிரம் ரூபாவோடு முடிய வேண்டிய வேலை சில இடங்களில் இலட்சக் கணக்காவது இங்கேதான்.

ஸ்கேனரில் வரும் இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பி 0601, பி 0606 போன்றவை பெட்டியின் உள்நினைவிலோ செயலியிலோ கோளாறு என்று சொல்பவை. யூ 0100 என்றால் பெட்டியோடு தொடர்பு அறுந்திருக்கிறது; வயர் அறுந்தும் இருக்கலாம், பெட்டியே போயும் இருக்கலாம். மற்றைய இலக்கங்கள் பெரும்பாலானவை சென்சரையோ வயரையோ சுட்டுபவை. அவற்றைக் காட்டிப் பெட்டியை மாற்றச் சொன்னால் இன்னொரு கராஜில் காட்டுவது நல்லது.

அப்படியென்றால் பெட்டி பழுதாவதே இல்லையா? பழுதாகும். களனி ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு முதற் காரணம் சொல்லாமலே விளங்கும். 2016 மே மாத வெள்ளத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் களனி, கொலன்னாவை, கடுவெலைப் பகுதிகளின் தாழ்நிலங்கள் மூழ்கின. ஜீப்பின் ஆசன மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால் இந்தப் பெட்டியும் நனைகிறது. வெள்ளம் வடிந்ததும் ஆசையில் சாவியைத் திருப்பிப் பார்ப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஈரப் பலகையில் மின்சாரம் பாய்ந்ததும் எரிந்துவிடும். முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்ற வேண்டும். பிறகு வண்டியை இழுத்துச் சென்று, பெட்டியைத் திறந்து, சுத்தமாக்கிக் காயவைத்தால் பல தடவைகளில் காப்பாற்றலாம். வெள்ளத்தில் நின்ற வண்டிகள் கழுவிப் பூசி மலிவாக விற்பனைக்கு வருவதும் உண்டு. வாங்கப் போகிறவர்கள் கால் மிதிக்கும் கம்பளத்தைத் தூக்கிச் சேறு, துரு, மணம் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது முதுமை. 1990களில் வந்த மிட்சுபிஷி வாகனங்கள் பலவற்றில் இது பேர்போன பிழை. பெட்டிக்குள் இருக்கும் சிறிய உருளை வடிவக் கொள்ளளவிகள், கடையில் கெப்பசிற்றர் என்பார்கள், பதினைந்து இருபது வருடங்களில் உள்ளிருக்கும் திரவத்தைக் கசிய விடும். அது பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பெட்டியைத் திறந்தால் மீன் மணம் வரும் என்பார்கள். நேரத்தோடு கண்டால், இலத்திரனியல் பொருள் திருத்தும் ஒருவர் மலிவான சில கொள்ளளவிகளைப் புதிதாக ஒட்டிச் சரிசெய்துவிடுவார். முழுப் பெட்டியும் மாற்றத் தேவையில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டிகளையே எல்லோரும் ஓட்ட வேண்டியிருந்ததால் இந்த முதுமைப் பழுதை இப்போது கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, மனிதக் கை. பற்றரியைக் கழற்றாமல் பொடியில் வெல்டிங் செய்வது. இன்னொரு வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்ரார்ட் பண்ணும்போது பொசிற்றிவையும் நெகற்றிவையும் மாற்றிக் கொடுப்பது. எலி வயரைக் கடிப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. புதுப்பெட்டி ஏஜென்சியில் கிடைக்கும், விலை நெஞ்சை அடைக்கும். பெரும்பாலானோர் மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்குத்தான் போவார்கள். யப்பானில் கழற்றிய பாகங்கள் குவிந்திருக்கும் தெருக்கள். அங்கே "இதுவும் பிராடோதான், பொருந்தும்" என்ற வார்த்தையை நம்பக்கூடாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் இலக்கம் உங்கள் பழைய பெட்டியின் இலக்கத்தோடு கடைசி எழுத்து வரை ஒத்திருக்க வேண்டும். டொயோட்டாவில் அது பெரும்பாலும் 89661 என்று தொடங்கும். ஓட்டோ கியர் வண்டிக்கும் சாதாரணக் கியர் வண்டிக்கும் பெட்டி வேறு.

இலக்கம் ஒத்தாலும் வேலை முடியவில்லை. திருட்டுத் தடுப்பு உள்ள வண்டிகளில் சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. பெட்டி அந்தச் சாவியை அறிந்திருந்தால்தான் இயந்திரம் ஓடும். இல்லாவிட்டால் ஒரு நொடி உறுமிவிட்டு நின்றுவிடும். ஆகவே சாவியைப் பதிந்து தரும் செலவும் பேசிய விலைக்குள் வருகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். புதிய டீசல் இயந்திரங்களில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீடு உண்டு. அதைப் புதுப்பெட்டியில் எழுதாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் குலுங்கும், புகை தள்ளும்.

"பழையது ஏன் எரிந்தது?" என்று கேட்க மறக்க வேண்டாம். வயரிலோ கொயிலிலோ இருந்த சோர்ட்டைத் தேடாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்பவர்தான், என் எண்ணத்தில், நல்ல மெக்கானிக்.

களனிப் பக்கக் கராஜ்களில் பில்லைப் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதுவார்கள். வாசிக்கத் தெரியாதென்று சொல்ல வெட்கப்பட்டுக் கையொப்பம் வைத்துவிடுகிறோம். பாகத்தின் இலக்கம், புதியதா பாவித்ததா, எத்தனை நாள் உத்தரவாதம், கூலி எவ்வளவு ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்லிப் பொருள் கேட்டறிந்த பிறகு கையொப்பமிடுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. பில் இல்லாத முறைப்பாடு வலுவில்லாதது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பமும் ஒரு துறை. இந்தப் பெட்டிகளைத் திருத்த உடற்பலம் தேவையில்லை. மீற்றரும் பொறுமையும் கூர்ந்த கண்ணும் போதும். தையல், கோழி வளர்ப்பு என்று நமது பிள்ளைகளுக்குப் பயிற்சி தேடும் நிறுவனங்கள் ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்குவதில்லை.

வண்டியை எடுக்கப் போகும் நாளில், கழற்றிய பழைய பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சாவியின் பதிவு அதில் இருக்கிறது. பூட்டிய பெட்டி சரிவராவிட்டால் அதைத் திருத்தித் திரும்பப் பூட்டலாம். சில கராஜ்கள் அதை வைத்துக்கொண்டு, திருத்தி, அடுத்த வண்டிக்கு விற்பதும் உண்டு. ஒரு துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில், அரிசிப் பானைக்குப் பக்கத்திலென்றாலும் வையுங்கள்.