குளக்கரை மரங்கள்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் முதலில் அண்ணாந்து மலையைப் பார்ப்பர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துருக்கம் என்னும் மூன்று குன்றுகளையும் நெடுமதில் வளைத்துச் செல்லும் காட்சி அத்தகையது. ஆனால் கோட்டையைக் காத்தது மதில் மட்டுமன்று, நீரும் காத்தது. 1690 முதல் 1698 வரை முகலாயர் படை, விட்டும் தொட்டும், இதனை முற்றுகையிட்டிருந்தது. செட்டிகுளம், சக்கரகுளம், ஆனைக்குளம் போன்ற நீர்நிலைகள் இங்கு ஏன் வேண்டப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

கல்படி கட்டிய குளத்திற்குப் பெரும்பகை ஆலும் அரசும் ஆகும். அவற்றை ஒருவரும் நட வேண்டுவதில்லை. பழத்தை உண்ட பறவையின் எச்சத்தோடு விதை கல்லிடுக்கில் விழும். சிறிது ஈரம் கிடைத்தால் முளைக்கும். நூல்போல் நுழைந்த வேர் ஆண்டுதோறும் பருத்துக் கல்லை நெம்பிவிடும். மேலே வெட்டினாலும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். ஊர் மன்றத்தில் நிழல் தரும் மரம் படித்துறையில் பகையாகிறது!

பனையின் இயல்பு வேறு. அதன் வேர்கள் ஆண்டுதோறும் பருப்பதில்லை. நார்நாராகப் பரந்து மண்ணை இறுகப் பற்றும். ஆதலின் மண்கரைக்கு அது மிக ஏற்றது. நட்டவர் நுங்கு உண்ணப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க நேரும் என்பது ஒன்றே குறை. மழைநீர் புகும் வாயில் வெட்டிவேரை வைத்தால், அது நேர்கீழாக வேரோடி மண் அரிப்பைத் தடுக்கும்.

நிழலுக்குப் புங்கு நல்லது. எனினும் அதனை வைக்கும் இடத்தைச் சிந்தித்தல் வேண்டும். மேற்குக் கரையில் வைத்தால் பிற்பகல் வெயிலை மறைக்கும். ஆடி மாதத்து மேல்காற்றோ அதன் சருகையெல்லாம் நீரில் கொண்டு தள்ளும். சருகு மிகுதியாக அழுகினால் நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மடியும். ஆகவே மரம் மேற்கிலேயே இருக்கலாம். கரையினின்றும் சற்று விலகி இருத்தல் வேண்டும்.

இக்காலத்தில் வீட்டின் பின்புறத்தில் நீச்சற்குளம் அமைப்போரும் இவற்றையே எண்ணிப் பார்க்க வேண்டியவராவர். அழகு கருதி அரளியை வைப்பவர் உளர். அதன் இலை, பூ, பட்டை, வேர் யாவும் நஞ்சு. சிறுவர் நீந்தும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. வெட்சியும் செம்பருத்தியும் அங்குப் போதும்.

மழைக்காலம் கழிந்ததும் படிகளின் இடுக்குகளை ஒருமுறை பார்த்து வருதல் நன்று. இரண்டிலை விட்ட அரசங்கன்று விரலால் இழுத்தால் வந்துவிடும். சில ஆண்டுகள் விட்டுவைத்தால், கல்லைப் பெயர்த்தே அதன் வேரை எடுக்க நேரும்.