கடற்காற்றும் கருவிப்பேழையும்: திருகோணமலையை முன்னிறுத்தி ஒரு நோக்கு

இலத்திரனியற் கருவிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் உள்ளுறுப்புக்களையே பெரிதும் விதந்துரைப்பர். அவற்றைத் தாங்கும் பேழையும் சட்டகமும் ஆராய்வுக்குரியனவாகக் கொள்ளப்படுவது அரிது. ஆயினும் கருவியும் இயற்கையும் மனித உழைப்பும் ஒன்றையொன்று சந்திக்குமிடம் அப்பேழையே. திருகோணமலைத் துறைமுகத்தை முன்னிறுத்தி இதனை விளக்க முற்படுகின்றோம்.

2004 டிசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின்னர், கடல்மட்டத்தை இடையறாது அளந்து செய்மதி வழியே அனுப்பும் நிலையங்கள் இந்து சமுத்திரக் கரைகளிற் பெருகின. இலங்கையில் நாரா நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள அத்தகைய நிலையங்களுள் ஒன்று திருகோணமலையில் அமைந்துள்ளது. இவ்வகை நிலையங்களிற் பதிகருவி, மின்கலம், செலுத்தி ஆகியன பொதுவாக ஒரு பேழையினுள் அடக்கப்படுகின்றன.

கட்டடத்தினுள் வைக்கப்படும் கருவிகளுக்கு 19 அங்குலச் சட்டகம் போதுமானது. முகப்பகலம் 482.6 மில்லிமீற்றர், உயரத்தின் ஓரலகு 44.45 மில்லிமீற்றர். எந்நாட்டுக் கருவியும் எந்நாட்டுச் சட்டகத்திலும் பொருந்துவதற்கு இப்பொது அளவே காரணம். இறங்குதுறையின் நிலையோ வேறு.

அங்கு அடிப்படையான முரண்பாடு ஒன்று தோன்றுகின்றது. உப்பீரத்தைத் தடுக்கப் பேழையை இறுக மூடவேண்டும். மூடினால் வெப்பம் வெளியேறாது. துளையிட்டால் வெப்பம் நீங்கும், உப்பு உட்புகும். கச்சான் வீசும் மாதங்களில் வெயிலும், வாடைக்காலத்தில் மழையும் இம்முரண்பாட்டைக் கூர்மைப்படுத்துகின்றன. மூடிய பேழையும் ஒருவகையில் மூச்சுவிடுகின்றது. பகலில் விரிந்து வெளியேறிய காற்றுக்கு ஈடாக, இரவில் ஈரக்காற்று மூடியின் இறப்பர் விளிம்பினூடே உள்ளிழுக்கப்பட்டு, குளிர்ந்து நீராகின்றது. நீரைத் தடுத்துக் காற்றை விடும் மென்சவ்வுத் துளை, ஈரமுறிஞ்சும் பொதி, வெயிலை மறைக்கும் வெண்ணிற மேற்தகடு ஆகியன இதற்குரிய தீர்வுகளாம்.

ஐ.பி. 66 என்னும் குறியீட்டில் முதலிலக்கம் தூசியிலிருந்தும் இரண்டாமிலக்கம் வலிய நீர்த்தாரையிலிருந்தும் உள்ள காப்பைக் குறிக்கும். உப்பரிப்பைப் பற்றி அது யாதும் கூறுவதில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. துருவேறா உருக்குத் திருகாணியை அலுமினியத் தகட்டில் நேரே முடுக்கினால், உப்புநீர் இடைப்பட்டு மின்கலம் போலாகி அலுமினியத்தை அரிக்கும். இடையே மின்கடத்தா வளையம் இடுதல் வேண்டும். கம்பிகளும் பேழைக்குக் கீழாக வளைந்து, அடிப்புறத்தால் மேலேறி நுழைதல் வேண்டும். இன்றேல் மழைநீர் கம்பிவழியே உட்செல்லும்.

இவையாவும் சிறுசெலவுக் காரியங்கள். ஆயினும் பேழையை நிறுவுவது ஒருநாள் வேலை; அதனைக் காப்பது தொடர்ந்த உழைப்பு. விளிம்பு மாற்றுதல், உப்பைத் துடைத்தல், திருகாணி சோதித்தல் என்பன விழா எடுக்கப்படாத பணிகள். கருவியைப் பண்டமாக மட்டுங் காணும் நோக்கு அதன் கொள்விலையைக் கணக்கிடும். இவ்வுழைப்பைக் கணக்கிற் கொள்ளாது. அளவீடு தடைப்படின் அதன் விலையைச் செலுத்துவோர் கரையோர மீனவரும் அவர்தம் குடும்பத்தினருமே. எனவே, பராமரிப்புக்கான ஊதியமும் பயிற்சியும், அதனைச் செய்வோரின் மொழியிலமைந்த கைந்நூலும் கருவியின் விலையோடு சேர்த்தே எண்ணப்படல் வேண்டும் என்பதே எமது துணிபாகும்.