ஞாயிறு மதியமும் ஒரு 'பப்' வாசலும்

'பப்' என்றதும் நம்மில் பலருக்கு என்ன நினைவுக்கு வரும்? மங்கலான விளக்கு, காதைத் துளைக்கும் இசை, பெற்றோருக்குத் தெரியாமல் போய்வரும் நண்பர் கூட்டம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில், இலண்டனில் பணிபுரியும் அக்காவைப் பார்க்க அப்பா, அம்மாவுடன் சென்றேன். அப்போதுதான் ஆங்கிலேயரின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் என் அப்பாவைப் பற்றியும் ஒருசேரக் கற்றுக்கொண்டேன்.

"இன்னிக்கு மதியம் பப்புல சாப்பிடலாம், மாமா" என்றார் அத்தான். அப்பாவின் முகம் மாறியது. "சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுச் சாராயக் கடைக்கா?" என்று கேட்டார். பேத்தி கையைப் பிடித்து இழுத்ததால்தான் கிளம்பினார்.

பொது இல்லம்

'பப்' என்பது ஒரு சுருக்கப் பெயர். அதன் முழுப்பொருள் 'பொது இல்லம்' என்பதாகும். அந்த ஊர்த் தெருக்களில் 'வெள்ளை மான்', 'சிவப்புச் சிங்கம்' என்று படம் வரைந்த பலகைகள் தொங்குவதைக் காணலாம். 1393ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர், மது விற்கும் இடங்கள் அடையாளப் பலகை மாட்ட வேண்டும் என்று சட்டமிட்டார். எழுத்தறியாதோர் மிகுந்த அக்காலத்தில் படமே பெயரானது.

நாங்கள் சென்றது சதர்க் பகுதியில் உள்ள 'ஜார்ஜ்' என்ற பழைய விடுதி. 1676இல் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பின் அதற்கடுத்த ஆண்டு மீண்டும் கட்டப்பட்டது. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றமும், அதைப் பார்த்தபடி மரத்தாலான மாடித் தாழ்வாரங்களும் இன்னும் இருக்கின்றன. இலண்டனில் இத்தகைய தாழ்வாரத்தோடு எஞ்சியிருக்கும் வண்டி விடுதி இது ஒன்றுதான்.

அப்பா உள்ளே வரவில்லை. முற்றத்துப் பலகையிலேயே அமர்ந்துகொண்டார். நாங்களும் அங்கேயே உட்கார்ந்தோம்.

ஞாயிறு வறுவல்

பப்பில் பெரும்பாலும் பணியாளர் மேசைக்கு வந்து கேட்பதில்லை. நாமே உள்ளே சென்று, மேசை எண்ணைச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வரவேண்டும். அத்தான் ஆட்டிறைச்சியும் கோழியும் சொல்லிவிட்டு வந்தார். அப்பாவுக்கு ஆரஞ்சுச் சாறு.

ஞாயிறு மதியம் இறைச்சியை முழுத் துண்டாக அடுப்பினுள் வாட்டி உண்பது ஆங்கிலேயரின் நெடுநாள் வழக்கம். முன்பெல்லாம் குடும்பமே காலையில் தேவாலயம் போய்விடும். திரும்பும்வரை இறைச்சி மெல்ல வெந்துகொண்டிருக்கும். கூடவே மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, காய்கறி, இறைச்சிச் சாற்றில் செய்த குழம்பு ஆகியவை உண்டு. ஆட்டிறைச்சிக்குப் புதினாத் தொக்கு. அம்மாவுக்கு அது ஒன்றுதான் பிடித்திருந்தது. மற்றவற்றுக்குக் கைப்பையிலிருந்து ஊறுகாய் வெளியே வந்தது.

'யார்க்ஷயர் புட்டிங்' என்று ஒன்று வந்தது. புட்டிங் என்றதால் இனிப்பு என்று அம்மா காத்திருந்தார். அது இனிப்பே அன்று. மாவு, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, நன்கு சூடேறிய கொழுப்பில் ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். மாவிலுள்ள நீர் சட்டென ஆவியாகி மேலே தள்ளும். முட்டை இறுகி அந்த உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நடுவில் குழிந்து கிண்ணம்போல் எழும்பும். "நம்ம பூரி மாதிரிதான்" என்றார் அம்மா. இரண்டையும் உப்பச் செய்வது அதே நீராவிதான்!

அப்பா சொன்னது

அப்பா உணவைவிடச் சுற்றியிருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேசையில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள். இன்னொன்றில் ஓர் அம்மையார் தனியாக நாளிதழ் படித்தார். காலடியில் நாய் உறங்கியது. நெடுநேரம் கழித்து அப்பா பேசினார்.

"எங்க தோட்டத்துக் கள்ளுக்கடைக்குள்ள பிள்ளைங்க போனதில்ல, தம்பி. வாசல்ல நிக்கும். சம்பள நாள்ல அப்பன் வெளிய வர்ற வரைக்கும் நிக்கும். நானும் நின்னிருக்கேன்."

தாத்தாவைப் பற்றி அப்பா அதிகம் பேசியதே இல்லை. எங்களில் யாருக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே நடந்தது. உழைத்துப் பெற்ற கூலி அங்கேயே கரைந்தது. அதனால்தான் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்களும் கள்ளை எதிர்த்துப் போராடினார்கள்.

இலண்டனும் இதற்கு விலக்கன்று. 18ஆம் நூற்றாண்டில் 'ஜின்' என்ற மலிவான மதுவால் ஏழைகள் சீரழிந்தார்கள். அந்த அவலத்தை ஹோகார்த் என்ற ஓவியர் 1751இல் வரைந்து காட்டினார். அதே ஆண்டில் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. ஆகவே மது அங்கே நல்லது, இங்கே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. குடும்பம் வாசலில் நிற்கிறதா, மேசையில் அமர்கிறதா என்பதே நான் அன்று கண்ட வேறுபாடு.

ஆற்றோர நடை

உண்டபின் நடப்பதும் ஞாயிற்றின் ஒரு பகுதி. சதர்க் பேராலயத்தைக் கடந்து தேம்ஸ் ஆற்றோரமாக நடந்தோம். 1997இல் திறக்கப்பட்ட ஷேக்ஸ்பியர் நாடக அரங்கையும், மின்நிலையமாக இருந்து 2000இல் கலைக்கூடமான 'டேட் மாடர்ன்' கட்டடத்தையும் பார்த்தோம். அதன் எதிரே மில்லேனியம் நடைபாலம், அக்கரையில் செயின்ட் பால் பேராலயம்.

அந்தப் பாலம் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறந்த இரண்டே நாளில் மூடப்பட்டது. கூட்டம் நடந்தபோது அது பக்கவாட்டில் சற்றே ஆடியது. மக்கள் விழாமலிருக்க அந்த ஆட்டத்துக்கேற்பக் கால் வைத்தார்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் மிதிக்க, ஆட்டம் மேலும் பெருகியது. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல்தான் மீண்டும் திறந்தார்கள்.

நான் இதை விளக்கியதும் அப்பா சிரித்தார். "ஒருத்தன் ஆடினா தெரியாது. எல்லாரும் சேர்ந்து ஆடினாத்தான் ஆபத்து. சம்பள நாள்ல எங்க லயமே அப்படித்தான் ஆடும்."

பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். பாலம் ஆடவில்லை. பாதி வழியில் திரும்பி, "அடுத்த வாரமும் அங்கேயே சாப்பிடலாம். ஆனா அந்த ஆரஞ்சுச் சாறு ரொம்பப் புளிப்பு" என்றார்.

அன்பு நண்பர்களே, வெளிநாடு சென்றால் கட்டடங்களைப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். ஆனால், உடன் வரும் பெற்றோர் எதைப் பார்த்து எதை நினைக்கிறார்கள் என்று கேட்கிறோமா? அதற்கு இலண்டன்தான் போக வேண்டும் என்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமே போதும்.