இரவுச் சாப்பாட்டுக்குப் பத்தே நிமிடம்: டின் மீன் டோஸ்ட்

இரவு 9 மணிக்கு மேல் மும்பை சயான் ரயில் நிலையத்தில் வந்து நிற்கும் லோக்கல் வண்டிகளில் இருந்து தமிழர்கள் பலர் இறங்குகிறார்கள். கம்பெனி குமாஸ்தா, பட்டறைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி என்று எல்லோரும் இருக்கிறார்கள். நாள் முழுவதும் உழைத்த களைப்பு முகத்தில் தெரிகிறது.

அறைக்குப் போனால் சோறு இருக்காது. காலையில் வடித்தது மிச்சம் இருந்தாலும் புழுக்கத்தில் கெட்டுப் போயிருக்கும். இனிமேல் உலை வைத்து, குழம்பு கூட்டி, எப்போது சாப்பிடுவது? வழியிலேயே ஒரு வடா பாவ், ஒரு கட்டிங் சாய். அவ்வளவுதான் இரவுச் சாப்பாடு.

அந்த நேரம் பார்த்து ஊரில் இருந்து அம்மாவின் போன் வரும். "சாப்பிட்டியாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. "ஆச்சும்மா" என்று ஒரு பொய்!

வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களாவது இந்தப் பொய்யைத் தவிர்க்க முடியும். ஒரு டின் மீன், நாலு துண்டு ரொட்டி, ஒரு வெங்காயம், அரை எலுமிச்சம்பழம் இருந்தால் போதும். பத்து நிமிடத்தில் ருசியான சாப்பாடு தயார்.

டின்னுக்குள் வெந்த மீன்

டின்னில் இருப்பது பச்சை மீன் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மீனைச் சுத்தம் செய்து டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அழுத்தமான நீராவியில் கடும் சூடு ஏற்றுகிறார்கள். மீன் டின்னுக்குள்ளேயே வெந்துவிடுகிறது. முள்ளும் மெத்தென்று ஆகிவிடுகிறது. எனவே நாம் அதை வேக வைக்க வேண்டியதில்லை. மணமும் காரமும் சேர்த்தால் போதும்.

உணவை இப்படி அடைத்துப் பாதுகாக்கும் வழியைக் கண்டவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர். இதற்காக 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12 ஆயிரம் பிராங்கு பரிசு கொடுத்தது. அவர் கண்ணாடிப் பாட்டில்களைத்தான் பயன்படுத்தினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. போர்வீரர்களும் கப்பல்காரர்களும் சாப்பிட்ட டின் உணவு, பிறகு சாதாரண மக்களின் வீட்டுக்கும் வந்தது.

எந்த மீன்?

டின்னின் மேல் சார்டின் என்று போட்டிருந்தால் அது நம் ஊர் மத்தி இனம். குமரி மாவட்டத்தில் சாளை என்பார்கள். மும்பை மீன் மார்க்கெட்டில் தார்லி. மேக்கரல் என்றால் கானாங்கெளுத்தி. சிலர் அயிலை என்பார்கள். இங்கே பாங்டா. டூனா என்பது தூத்துக்குடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சூரை.

டோஸ்ட்டுக்கு மத்தியே சிறந்தது. எண்ணெய் வடித்த 100 கிராம் டின் மத்தியில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிட்டால் சுமார் 380 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். 200 மில்லி பாலில் இருப்பதை விட இது அதிகம்.

மார்க்கெட்டில் வாங்கும் பச்சை மத்தியை விட டின் மத்தி விலை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் பச்சை மீனை ஆய வேண்டும், கழுவ வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்க்க வேண்டும். இரவு 9 மணிக்கு இது நடக்கிற காரியமா? ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சை மீன், நேரமாகிவிட்ட இரவுக்கு டின் மீன் என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

ஒருவருக்குத் தேவையானவை: எண்ணெயில் போட்ட சிறிய மத்தி டின் ஒன்று (சுமார் 125 கிராம்), ரொட்டி 4 துண்டு, பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 1, பூண்டு 3 பல், மிளகுத்தூள் கால் ஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, எலுமிச்சம்பழம் அரை மூடி, கொஞ்சம் கொத்துமல்லித் தழை.

முதலில் வெங்காயத்தை மெல்லியதாக நறுக்குங்கள். பாதியைத் தனியே எடுத்து, ஒரு சிட்டிகை உப்பும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசறி வையுங்கள். டின்னைத் திறந்து எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடியுங்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள். மீனின் ருசி அதில்தான் இறங்கியிருக்கிறது.

தோசைக்கல்லில் அந்த எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள். மிளகாய், மீதி வெங்காயம், மஞ்சள்தூள் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் மீனைப் போட்டு, இரண்டு மூன்று துண்டாக உடைத்துவிடுங்கள். கிளறிக் கூழாக்கக் கூடாது. மிளகுத்தூள் தூவி, இரண்டு நிமிடம் சூடேறியதும் தட்டில் எடுத்துவிடுங்கள். டின் மீனில் உப்பு இருக்கும். ருசி பார்க்காமல் மேலும் உப்புப் போட வேண்டாம்.

ரொட்டியைக் கடைசியில்தான் சுட வேண்டும். அதே கல்லில், ஒட்டியிருக்கும் மசாலாவோடு, இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று ஆகும்வரை சுடுங்கள். சூட்டோடு சூடாக, மிச்சமிருக்கும் ஒரு பல் பூண்டை ரொட்டியின் மேல் தேயுங்கள். மணம் அறையைத் தூக்கும்!

அதன்மேல் மீனை வைத்து, எலுமிச்சை பிழிந்து, பிசறிய வெங்காயமும் கொத்துமல்லியும் தூவி உடனே சாப்பிட வேண்டும். ஆறினால் ரொட்டி நமத்துவிடும்.

துண்டு ரொட்டி கிடைக்காவிட்டால் பாவ் போதும். இரண்டாகப் பிளந்து, வெட்டுப் பக்கத்தை மட்டும் சுடுங்கள். பாவ் என்ற பெயரே போர்ச்சுக்கீசியர்கள் விட்டுப் போனது. ரொட்டியோடு மத்தி சாப்பிடுவது அவர்கள் நாட்டில் இன்றும் வழக்கம்.

தக்காளிச் சாற்றில் போட்ட மீன் என்றால் சாறு சுண்டும்வரை வதக்குங்கள், எலுமிச்சையைக் குறையுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டதென்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் வதக்கலாம்.

அறையில் சைவ நண்பர் இருந்தால் அவருக்குத் தனிக் கல் வைத்துக்கொள்வதே மரியாதை.

எச்சரிக்கை!

கடையில் டின்னை வாங்கும்போதே கையில் எடுத்துப் பாருங்கள். மூடியோ அடிப்பக்கமோ உப்பியிருந்தால், கசிந்திருந்தால், நன்றாகத் துருப்பிடித்திருந்தால், விளிம்பு நசுங்கியிருந்தால் வேண்டாம். தேதியையும் பாருங்கள்.

திறக்கும்போது டின்னில் இருந்து பீச்சி அடித்தாலோ, வாடை மாறியிருந்தாலோ தூக்கி எறிந்துவிடுங்கள். நாக்கில் வைத்துச் சோதிக்கவே கூடாது. கெட்டுப்போன டின் உணவில் உண்டாகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு உயிரையே பறித்துவிடும். அதற்கு வாடையோ ருசியோ தெரிய வேண்டும் என்பதில்லை. "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்று ஒரு டின்னின் காசுக்காக ஆசைப்படாதீர்கள்.

மூடிய டின்னை அடுப்பில் வைக்கக் கூடாது, வெடிக்கும். திறந்த டின்னில் மீனை மிச்சம் வைக்கவும் கூடாது. பிரிட்ஜ் இல்லாத அறையில் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இருவர் சேர்ந்து சாப்பிட்டால் செலவும் பாதி, மிச்சமும் இல்லை.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டின் மீனின் உப்பை நினைவில் வைக்க வேண்டும். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றவர்கள் அலமாரியில் எப்போதும் இரண்டு டின் வைத்திருக்கலாம். வண்டி தாமதமான இரவில், மெஸ் மூடிய பிறகு, மழை கொட்டும் நாளில் கைகொடுக்கும். அன்றைக்கு அம்மா போனில் கேட்டால், "மீன் சாப்பிட்டேம்மா" என்று உண்மையையே சொல்லலாம்.